மரக்கால் யார் கையில்? – அரசு தன்னைத்தானே அளந்துகொள்வது குறித்து

1

தமிழில் ‘அளத்தல்’ என்ற வினைக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. நிலத்தையும் நெல்லையும் துணியையும் அளப்பது முதலாவது. ‘படியளப்பது’ இரண்டாவது, கூலி கொடுப்பது, சோறு போடுவது, காப்பாற்றுவது எல்லாம் அதில் அடக்கம். ‘சும்மா அளக்காதய்யா’, ‘நல்லா அளந்து விடுறான்’ என்று சொல்லும்போது வருவது மூன்றாவது. எங்கள் சீர்காழிப் பக்கம் இந்த மூன்றையும் ஒரே நாளில் ஒரே வாயிலிருந்து கேட்கலாம். அரசு தன் செயல்பாட்டைத் தானே மதிப்பிட்டு வெளியிடுகிற அறிக்கைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது. முதல் பொருளில் தொடங்கி, இரண்டாம் பொருளை வாக்களித்து, மூன்றாம் பொருளில் போய் முடிகிற பிரதிகள் அவை.

கொள்கை விளக்கக் குறிப்பு, துறையின் ஆண்டறிக்கை, ஆய்வுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்று எதைப் புரட்டினாலும் ‘இலக்கு’, ‘சாதனை’, ‘விழுக்காடு’ என மூன்று பத்திகள் நிற்கும். எழுதியவர் பெயர் இருக்காது. வாக்கியங்களில் எழுவாய் இருக்காது. ‘விநியோகிக்கப்பட்டது’, ‘தூர்வாரப்பட்டது’, ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று செயப்பாட்டு வினைகள் தம்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். நாவலையும் கவிதையையும் கட்டுடைத்துப் பார்க்கிற நாம், நம் ஜீவனத்தை நேரடியாகத் தீர்மானிக்கிற இந்தப் பிரதிகளைப் படிப்பதே இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே என்ன ஜோலி என்று கேட்கலாம். எழுவாய் மறைந்த வாக்கியத்தைக் கண்டால் அதைத் தேடிப் பிடி என்றுதான் எங்களுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: அளவு சரியா தப்பா என்பது இரண்டாவது கேள்வி. அளவுகோல் யார் கையில் இருக்கிறது, அளப்பதற்கு முன்பே கணக்கிலிருந்து யார் கழிக்கப்படுகிறார்கள் என்பதே முதல் கேள்வி.

2

சீர்காழியில் இரண்டு பெரிய கோயில்கள். ஒன்றில் பிரளய வெள்ளத்தில் தோணியேறி வந்த தோணியப்பர். இன்னொன்றில் காலைத் தூக்கி உலகளந்த தாடாளன். வெள்ளமும் அளவும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற ஊர் இது. தாடாளன் கதையைப் பக்தியை ஒதுக்கிவிட்டு ஓர் அளவைக் கதையாகப் படித்துப் பாருங்கள். மூன்றடி மண் கேட்டவன், அளக்கத் தொடங்கியதும் அடியின் நீளத்தை மாற்றிக்கொள்கிறான். ஒப்பந்தம் போடும்போது இருந்த கோல் வேறு, அளக்கும்போது இருந்த கோல் வேறு. கடைசி அடி, அளக்கப்படுகிறவன் தலைமேல் விழுகிறது. அதிகாரத்தின் அளவைமுறைக்கு இதைவிடத் துல்லியமான உருவகம் எனக்குத் தெரிந்து இல்லை.

சோழ அரசு இந்த உருவகத்தைத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டது. ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001 வாக்கில், நாடு முழுக்க நிலம் அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் 1086இல் மறுபடி அளந்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் ‘டூம்ஸ்டே’ கணக்கை எடுத்த அதே ஆண்டு. அளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். வேலியை மாவாக்கி, காணியாக்கி, முந்திரியாக்கி, முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரியாக்கி, பின்னத்துக்குள் பின்னமாகப் போகிறது கணக்கு. நம்மவர்கள் இதைக் கண்டு பூரித்துப் போவதுண்டு. எனக்கு அந்தத் துல்லியத்தைவிடத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வருகிற கழித்தல் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரி விதிக்கத் தகாதவை என்று சிலவற்றைக் கழிக்கிறார்கள்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. அந்த நிலத்தில் உழுது நட்டு அறுத்தவர்கள் இருந்த இடம், கீழ்முந்திரி வரைக்கும் போகத் தெரிந்த அந்தக் கணக்கில் ஒரு கழித்தல் குறியாகத்தான் இடம்பெறுகிறது. வரி இல்லை, ஆகவே கணக்கில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. பசலி ஆண்டு என்று இன்றும் வருவாய்த் துறை சொல்லுவது முகலாயர் வழி வந்த கணக்கு. ஆண்டுக்கொரு முறை வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற ஜமாபந்தி, வெள்ளைக்காரன் வளர்த்துவிட்டுப் போன சடங்கு. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. ஆள் மாறியது பெரிய மாற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு என்கிற பிரதிகளின் இலக்கணம் மாறவில்லை. நிலம் யார் பேரில் என்று அவை சொல்லும். அந்த நிலத்தில் யார் முதுகு வளைந்தது என்று சொல்லாது.

3

இன்றைய உலகளந்த கோல் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பார்கள். குலுக்கல் எண்ணில் ஒரு வயலைத் தேர்ந்து, வயலுக்குள் ஒரு மூலையைத் தேர்ந்து, கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவது. இதற்கு முன்பு இருந்தது அணாவாரி. கிராம அதிகாரி வரப்பில் நின்று கண்ணால் பார்த்து ‘பத்தணா வெள்ளாமை’, ‘பன்னிரண்டணா வெள்ளாமை’ என்று எழுதுவார். பதினாறணா என்றால் முழு விளைச்சல். கண்மதிப்புக்குப் பதில் மாதிரிக்கூறு என்பது அறிவியல் ரீதியாக முன்னேற்றமே. 1940களில் மகலனோபிஸும் சுகாத்மேயும் இந்தச் சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பலத்த வாதம் செய்தார்கள். துண்டு சின்னதானால் ஓரத்துப் பயிரையும் உள்ளே சேர்த்து அறுத்துவிடுகிற கை, விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்பது சுகாத்மேயின் கட்சி. எல்லைக்கோட்டில் நிற்கும் கதிர் உள்ளேயா வெளியேயா? புள்ளியியலின் இந்தக் கேள்வி அரசியலின் கேள்வியும்தான்.

பரிசோதனையில் கிடைக்கிற எண்ணுக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்றில் அது துறையின் சாதனை. 2011-12ஆம் ஆண்டின் உணவு தானிய உற்பத்திக்காகத் தமிழகம் மத்திய அரசின் ‘கிருஷி கர்மன்’ விருதைப் பெற்றது. விளைச்சல் உயர்ந்தால் இந்தப் பக்கம் பரிசு. இன்னொன்றில் அதே எண் விவசாயியின் இழப்பு. 2016இலிருந்து நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கிராமத்தின் சராசரி விளைச்சல் உத்தரவாத விளைச்சலைவிடக் குறைந்தால்தான் காசு. கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தின் சராசரியை எடுத்து, அதிலும் ஒரு பங்கைக் குறைத்து வைப்பதே உத்தரவாத விளைச்சல். ஒரு பேச்சுக்கு, அது ஏக்கருக்கு 2000 கிலோ, அறுத்தது 1500 கிலோ என்றால், காப்பீட்டுத் தொகையில் நாலில் ஒரு பங்கு வரும். கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஏழு ஆண்டில் மூன்று முறை வெள்ளம் வந்த ஊரில் நல்ல ஐந்துக்குள்ளேயே ஒரு கெட்ட ஆண்டு நுழைந்துவிடும். உத்தரவாதம் கீழே இறங்கும். அடிக்கடி அடிபட்டவனுக்கு அடி வலிக்காது என்று முடிவு கட்டுகிற கணக்கு இது.

2022 நவம்பர் 11 மழைக்கு வருவோம். சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. நூறாண்டுக்கு மேல் இப்படிப் பெய்ததில்லை என்றார்கள். மழையை மட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்துவிட்டோம். அதற்குப் பின் தொடங்குகிறது அளவைகளின் விளையாட்டு. தனிப்பட்ட வயலின் இழப்பை நேரில் மதிப்பிட்டுத் தருகிற பிரிவு ஒன்று காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. 2018இல் விதிகளைத் திருத்தியபோது, நெல் வயல் நீரில் மூழ்குவதை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் நிற்கிற பயிராம்! கணுக்கால் தண்ணீரில் நிற்பதற்கும் கழுத்துக்கு மேல் தண்ணீரில் கிடப்பதற்கும் வித்தியாசம் தெரியாத வாக்கியம் அது. 2026 காரீப் பருவத்திலிருந்து நெல் மூழ்குவதை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஆக, சீர்காழி மூழ்கிய ஆண்டில் விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது. அறுவடைக்குக் காத்திருந்து, கிராமச் சராசரியைப் பார்த்துத்தான் நஷ்டம் நஷ்டமா என்று முடிவாகும்.

இந்த இடைவெளியில் விவசாயி என்ன செய்வான்? அழுகிய நாற்றைப் பிடுங்கிவிட்டு, கடன் வாங்கி, கிடைத்த நாற்றை வைத்து மறுநடவு செய்வான். அவன் மெனக்கெட்டதால் விளைச்சல் கொஞ்சம் தேறும். தேறிய அளவுக்கு இழப்பீடு குறையும். இரண்டாவது நாற்றுக்கும் இரண்டாவது நடவுக்கும் ஆன செலவு, ஐந்துக்கு ஐந்து சதுரத்தில் எந்தக் கதிரிலும் எழுதியிருக்காது. முயற்சியை அபராதமாக மாற்றுகிற அளவுகோல் இது. பேரிடர் நிவாரணத்திலும் 33 விழுக்காட்டுக்குக் கீழே போனது சேதமே ஆகாது. 2015 வரைக்கும் அந்தக் கோடு 50இல் இருந்தது. 32 விழுக்காடு பயிர் போனவன் வீட்டில் என்ன பேர் வைத்து அழுவது?

அந்த வயலில் களை பறிக்கப் போக வேண்டிய பெண்ணுக்கு அந்த வாரங்களில் வேலை இல்லை. அவள் பேரில் சிட்டா இல்லை, அடங்கல் இல்லை, ஆகவே காப்பீடும் இல்லை. வாய்மொழிக் குத்தகையில் கோயில் நிலமோ மடத்து நிலமோ சாகுபடி செய்கிறவர் அடங்கல் வாங்கவே அலைய வேண்டும். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். அதுதான் அவளைத் தொட்ட ஒரே எண். பயிர்ச் சேதக் கணக்கில் அவள் எங்கே? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கழித்தல் குறி அப்படியே நிற்கிறது.

4

சாதனைப் பத்தியில் எது ஏறுகிறது என்பதைப் பார்த்தால், எளிதில் எண்ணக்கூடியது ஏறுகிறது, எண்ண வேண்டியது தங்கிவிடுகிறது. டெல்டாவில் ஆண்டுதோறும் மேட்டூர் திறக்குமுன் தூர்வாருகிறார்கள். 2022இல் 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர். கிலோமீட்டர் என்பது நீளம். வாய்க்காலுக்கு ஆழமும் அகலமும் உண்டு. அதைவிட முக்கியம், தண்ணீர் கடைமடைக்கு எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது, மழைத் தண்ணீர் எத்தனை நாளில் வடிந்தது என்பது. நாங்கள் கடைமடை. எங்களுக்குக் கிலோமீட்டர் வேண்டாம், தேதி வேண்டும். 44 செ.மீ. மழையை எந்த வாய்க்காலும் தாங்காது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தாங்கியதா இல்லையா, எங்கே அடைத்துக்கொண்டது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அந்தப் பத்தியில் இல்லை. வெள்ளம் வந்தபோதும் வராதபோதும் 4,964 என்பது 4,964தான்.

நேரடி நெல் கொள்முதல் நிலையம் இன்னொரு உதாரணம். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்று மீட்டர் வைத்து அளக்கிறார்கள். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை என்று நெல்லைச் சாலையோரம் கொட்டிவைத்துக் காத்திருக்கிற நாட்களில் பனி இறங்குகிறது, மழை பெய்கிறது, ஈரப்பதம் ஏறுகிறது. ஏறிய ஈரத்துக்கு விவசாயி பொறுப்பு. ஏற்றிய தாமதத்துக்கு மீட்டர் இல்லை. 2025 அக்டோபரில் குறுவை நெல் குவியல்களிலேயே முளைவிட்டபோது, ஈரப்பத வரம்பை 22 ஆக்க வேண்டும் என்று கேட்டு, மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தது. நெல்லை அளக்க டெல்லியிலிருந்து ஆள் வருகிறது. காத்திருந்த நாட்களை அளக்க உள்ளூரில் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. ஆண்டு முடிவில் ‘இத்தனை லட்சம் டன் கொள்முதல் செய்யப்பட்டது’ என்று எழுவாயில்லாத வாக்கியம் வரும். அதில் பொய் இல்லை. பொய் சொல்லாமலேயே அளந்துவிட முடியும் என்பதுதான் இந்த மொழியின் சாமர்த்தியம்.

மனுக்களின் கதையும் இதே. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், தனிப்பிரிவு, அந்தந்த ஆட்சியின் புதிய பேர் கொண்ட முகாம்கள் என்று வழிகள் பெருகியிருக்கின்றன. வழி பெருகுவது நல்லதுதான். ஆனால் ‘தீர்வு செய்யப்பட்ட மனுக்கள்’ என்ற சொற்றொடரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ‘தீர்’ என்ற வேருக்கு முடிந்துபோதல், காலியாதல் என்பதும் பொருள். அரிசி தீர்ந்துவிட்டது என்கிறோமே அதுமாதிரி. ‘வழியில்லை’ என்று பதில் எழுதி நிராகரித்தாலும் மனு தீர்ந்ததுதான். வேறு அலுவலகத்துக்கு அனுப்பினாலும் இந்த மேசையில் தீர்ந்ததுதான். குறை தீராமல் மனு தீர்கிற இடம் அரசு அலுவலகம்.

5

அளவே இலக்கானால் அது நல்ல அளவாக இருக்காது என்ற கருத்தை 1975இல் இங்கிலாந்து வங்கியின் ஆலோசகர் சார்லஸ் குட்ஹார்ட் பணக் கொள்கையை வைத்துச் சொன்னார். அதே எழுபதுகளில் அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல், சமூக முடிவுகளுக்கு ஓர் எண்ணை அதிகம் நம்பினால் எண்ணும் கெடும், அது கண்காணிக்கிற காரியமும் கெடும் என்றார். நமக்கு இதைச் சொல்ல அவர்கள் தேவையில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும், நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைகள். அரசு ஊழியர்களுக்கு இலக்கு, இலக்குக்கு ஆள் பிடிப்பு. அந்த இலக்குமுறையை அதிகாரபூர்வமாகக் கைவிட 1996 வரைக்கும் ஆனது. 2009இல் மத்திய அமைச்சகங்களுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று வந்தது. அமைச்சகமே தன் இலக்கை வரைந்து, கடைசியில் விழுக்காடு வாங்கும். 2014க்குப் பின் அது சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

ஃபூக்கோ சொல்லுகிற ‘சோதனை’ என்பதில், சோதிக்கப்படுகிறவன் மேல் வெளிச்சம் விழுகிறது, சோதிக்கிற அதிகாரம் இருட்டில் நின்றுகொள்கிறது. எழுவாயில்லாத நம் அரசுத் தமிழ் இந்த இருட்டுக்கு நெய்த திரை. இதுவரைக்கும் நண்பர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. இதற்கு மேல்தான் தகராறு. ‘அளவீடு என்பதே வன்முறை, எண் என்பதே அதிகாரத்தின் மொழி, எண்ணை மறுப்பதே எதிர்ப்பு’ என்று நம்மில் சிலர் எழுதுகிறார்கள். மேல்தட்டு வாசகனுக்கு இது ருசிக்கும். களத்துமேட்டில் இது செல்லாது.

கீழத்தஞ்சையில் 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் பண்ணையாட்கள் திரண்டபோது, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்ற கோரிக்கைகளோடு கூடவே வந்தது முத்திரை மரக்கால். பண்ணையார் வீட்டு மரக்கால் நெல் வாங்கும்போது ஒரு பருமன், கூலி அளக்கும்போது ஒரு பருமன். அந்த ஜனங்கள் அளவையே ஒழி என்று கேட்கவில்லை. முத்திரை குத்திய, எல்லோருக்கும் பொதுவான, பண்ணையார் கை வைக்க முடியாத அளவைக் கேட்டார்கள். துல்லியம் அவர்கள் பக்கத்து ஆயுதமாக இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை எரித்தார்களே, அதற்கு முன்னால் நடந்த கூலித் தகராறில் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். அரைப்படி என்பது அளவைதானே? அதைக் கேட்க ஒரு சங்கமும், மறுக்க ஒரு நெருப்பும் தேவைப்பட்டது. எண்ணை மறுக்கச் சொல்லும் நண்பர்கள் அந்த அரைப்படியை எந்தக் கோட்பாட்டில் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

6

அளக்கப்படுகிறவர்கள் அளக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்துச் சாட்சி ராஜஸ்தானில் இருக்கிறது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஒரு பொது விசாரணை நடத்தியது. வேலைக் கணக்கிலும் கூலிப் பட்டியலிலும் எழுதியிருந்ததை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான். அரசின் பிரதி, அதில் பேர் எழுதப்பட்டவர்களின் காதுக்கே போனபோது, செயப்பாட்டு வினைகள் பொத்தென்று விழுந்தன. யார் எழுதியது, யார் கையெழுத்து, யார் வாங்கியது என்று எழுவாய்கள் எழுந்து வந்தன. 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கும் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் சமூகத் தணிக்கைக்கும் வேர் அங்கே இருக்கிறது. பிறகு எத்தனை ஊராட்சிகளில் தணிக்கை ‘நடத்தப்பட்டது’ என்ற எண்ணும் சாதனைப் பத்தியில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எந்த அளவுகோலும் கைமாறிக்கொண்டே இருக்கும். கண் வைத்திருக்க வேண்டியது நாம்.

ஆகவே, டெல்டாவில் எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் கையிலெடுக்கக்கூடிய காரியமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். அறுவடைப் பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்பதை ஊராட்சியில் முன்கூட்டி எழுதி ஒட்டச் சொல்லவேண்டும். எடை போட்டதும் அந்த எண்ணை அங்கேயே கிராமசபையில் வாசிக்கச் சொல்லவேண்டும். கொள்முதல் நிலைய வாசலில், நெல் வந்த தேதி, எடை போட்ட தேதி, பணம் ஏறிய தேதி என்று மூன்று பத்தி போட்ட நோட்டு ஒன்றை விவசாயிகளே வைத்திருக்கலாம். அரசு அனுமதி தேவையில்லை, ஒரு பேனா போதும். வாய்க்காலுக்குக் கடைமடைத் தேதி. மனுவுக்குத் தீர்வு என்று எழுதுவதற்கு முன் மனுதாரர் கையெழுத்து. வெள்ள வாரங்களில் இழந்த கூலி நாட்களைச் சேரிகளிலும் குடியானத் தெருக்களிலும் வீடு வீடாகப் போய் எழுதுகிற ஒரு கணக்கு. இந்தக் கடைசிக் கணக்கு எந்தத் துறையின் இலக்கிலும் இல்லை. அதனாலேயே அதை முதலில் தொடங்க வேண்டும்.

இது புரட்சி இல்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். முத்திரை மரக்காலும் அன்றைக்கு அப்படித்தான் சின்னதாகத் தெரிந்திருக்கும். படியளக்கிறேன் என்று சொல்லுகிறவனிடம், எந்தப் படியால் அளக்கிறாய், அதைக் கொஞ்சம் இப்படிக் கொடு பார்க்கலாம் என்று கை நீட்டிக் கேட்பதிலிருந்துதான் எங்கள் மண்ணில் அரசியல் ஆரம்பித்திருக்கிறது.